ஊரை உண்டாக்கிய ஏழு குடும்பம்: எதுவரை பின்னால் தேடிப் போகலாம்?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குள் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. சுசீந்திரம் பக்கம் உங்கள் ஊர். 400 வருஷத்துக்கு முன்னால் பாண்டி நாட்டிலிருந்து ஏழு குடும்பங்கள் ஆரல்வாய்மொழி வழியாக வந்து காடு வெட்டித் திருத்தி அந்த ஊரை உண்டாக்கின, அதில் நம்முடையதும் ஒன்று என்று உங்கள் பாட்டா சொல்லிவந்தார். இப்போது குடும்பத்தில் பாதிப் பேர் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையிலும் பாதிப் பேர் குலதெய்வக் கோவிலிலுமாக இருக்கிறார்கள். வீட்டுப் பெட்டியில் கொஞ்சம் ஓலையும் மலையாளத்தில் எழுதிய சில பத்திரங்களும் உண்டு. இணையத்தில் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. இதை வைத்து, வந்த முதல் ஆளின் பெயரைக் கண்டுபிடித்து, அவரிலிருந்து உங்கள் வரை ஒரு வம்சாவளி எழுத முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆக, பாட்டா சொன்ன கதை உண்மையா என்பது ஒன்று, வம்சாவளியை எதுவரை கொண்டுபோகலாம் என்பது இரண்டாவது, உங்கள் ஊரின் பழமை என்ன என்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஆதாரங்கள் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. இவற்றைக் கலந்து தேடுவதால்தான் பலர் பாதியிலேயே சோர்ந்துபோகிறார்கள்.

நேரடியான பதில் இது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கொஞ்சமாவது நிலம் வைத்திருந்த ஒரு குடும்பத்தை, தாள் ஆதாரத்தோடு, 1880-களின் நிலவரி செட்டில்மென்ட் வரை பெரும்பாலும் கொண்டுபோகலாம். பத்திரங்கள் பத்திரமாக இருந்தால் அதற்கு ஒன்றிரண்டு தலைமுறை முன்னாலும் போகலாம். வீட்டு ஓலையோ சபைப் பதிவேடோ துணைக்கு வந்தால் 1800-களின் தொடக்கத்தை எட்டலாம். அதற்கு முன்னால் அப்பா, மகன், பேரன் என்று விட்டுப்போகாத சங்கிலியாக 400 வருஷம் எழுதுவது சாதாரண விவசாயக் குடும்பத்துக்கு நடக்காது. அப்படி யாராவது எழுதிக் கொடுத்தால், எந்த வரிக்கு எந்தத் தாள் என்று கேளுங்கள். ஆனால் வம்சாவளியை எழுத முடியாத காலத்தைப் பற்றியும் அந்தக் கதையில் சில பகுதிகளைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் பத்திரம் எழுதும் தொழிலில் இருந்தவன். மலையாள லிபியில் உள்ள பழைய ஆதாரங்களைப் படித்து, அதன் தொடர்ச்சியாகத் தமிழில் புதுப் பத்திரம் எழுதுவதுதான் பல வருஷம் என் வேலை. அதனால் தாள் பத்திரம் பற்றி நான் சொல்வதை நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம். கல்வெட்டு பற்றிச் சொல்வது அச்சான தொகுதிகளைப் படித்து அறிந்தது, கல்லில் நேரடியாகப் படிக்கும் பயிற்சி எனக்குக் கிடையாது. ஓலையில் தமிழ் எழுத்தில் இருப்பதைப் படிப்பேன், வட்டெழுத்து, கோலெழுத்து என்ற பழைய லிபிகள் என்றால் அதற்குரிய ஆளிடம்தான் நீங்கள் போகவேண்டும்.

என் அனுபவத்தில், ஆளைத் தேடிப் போனவர்கள் வழி தவறினார்கள், நிலத்தைத் தேடிப் போனவர்களுக்கு ஆள் தானாகவே கிடைத்தார். காரணம் எளிமையானது. நம் ஊரில் மனிதரின் பெயர் மாறும், சமயம் மாறும், சாதிப் பெயரைக்கூட ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு விதமாக எழுதினார்கள். வயல் அங்கேயே கிடக்கும், அதற்கு அரசாங்கம் வரி வாங்கியே தீரும். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரின் (கடைசி சில வருஷம் திரு-கொச்சியின்) தெற்கு ஓரம். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நாலு தாலுகாவும் அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து ஒரு மாவட்டமாயின. அதனால் உங்கள் குடும்பத்தின் தாள்கள் இரண்டு மாநிலத்திலும் இரண்டு மொழியிலும் கிடக்கின்றன. இணையத்தில் தமிழில் மட்டும் தேடினால் கிடைக்காமல் போவதில் ஆச்சரியமே இல்லை. பதிவான பழைய பத்திரங்களில் பெரும்பாலானவை மலையாளத்தில் இருக்கும், உங்கள் பக்கமும் தோவாளைப் பக்கமும் தமிழில் எழுதியவையும் உண்டு.

சரி, பெட்டியில் இருக்கும் பத்திரத்தை எடுங்கள். முதல் நாலைந்து வரியை அவசரப்படாமல் படிக்கவேண்டும். கொல்லம் ஆண்டு (திருவிதாங்கூரில் வழங்கிய ஆண்டுக் கணக்கு), மாதம், தேதி முதலில் வரும். அடுத்து தாலுகா, பகுதி (இன்றைய வருவாய் கிராமம் மாதிரி), தேசம் (அதற்குள் அடங்கிய சிறு ஊர்), அப்புறம் வீட்டுப்பெயர். எழுதிக் கொடுப்பவர் யாருடைய மகன், அல்லது யாருடைய அனந்தரவன் (வாரிசான மருமகன்), என்ன சாதி, என்ன தொழில், எத்தனை வயது என்று வரிசையாக இருக்கும். எழுதி வாங்குபவருக்கும் அதேபோல. ஒரே பத்திரத்தில் இரண்டு குடும்பத்துக்கு இரண்டு தலைமுறை கிடைத்துவிடுகிறது, வயதும் போட்டிருப்பதால் பிறந்த வருஷத்தையும் ஏறக்குறைய கணக்கிடலாம். வயதை மட்டும் அப்படியே நம்பவேண்டாம். முப்பது, நாற்பது, ஐம்பது என்று முழு எண்ணாக எழுதியது நிறையப் பார்த்திருக்கிறேன், அதெல்லாம் குத்துமதிப்பு.

அதற்குக் கீழே சொத்து எப்படி வந்தது என்ற பாராவில் முந்தைய பத்திரத்தின் எண்ணும் வருஷமும் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு பதிவு அலுவலகத்தில் நகல் போட்டால் அது இன்னும் முந்தையதைச் சொல்லும். கடைசியாக நான்கெல்லை. பலர் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள், எனக்கு அதுதான் பத்திரத்திலேயே மிக அருமையான பகுதி. கிழக்கே இன்னார் விளை (தோட்டம்), தெற்கே இன்னார் நிலம், மேற்கே கோவில் வகை, வடக்கே குளத்தங்கரை என்று நாலு பக்கமும் சொல்லியிருப்பார்கள். அந்தந்தப் பக்கத்துப் பத்திரங்களையும் சேர்த்து ஒரு தாளில் வரைந்தால், அந்த வருஷத்தில் ஊரில் யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தார்கள் என்ற படம் கிடைத்துவிடும். உங்கள் ஏழு குடும்பக் கதைக்கு இந்தப் படம் பெரிய சாட்சி.

வருஷக் கணக்கில் ஒரு எச்சரிக்கை. கொல்லம் ஆண்டு சிங்ஙம் (நம் ஆவணி) 1-ல், அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. சிங்ஙம் முதல் தனு (மார்கழி) மாதத்தின் முதல் பாதி வரை 824 கூட்டவேண்டும், ஜனவரி பிறந்த பிறகு கர்க்கடகம் (ஆடி) முடிய 825 கூட்டவேண்டும். சரிபார்க்க இரண்டு தேதி போதும். ஆலயப் பிரவேச விளம்பரம் (அரச அறிவிப்பு) 1112 துலாம் 27, அது 1936 நவம்பர் 12. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா நாட்டைப் பத்மநாப சுவாமிக்குத் திருப்படித்தானம் செய்தது 925 மகரம் 5, அது 1750 ஜனவரி. எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 825 கூட்டினால் சில இடத்தில் ஒரு வருஷம் தள்ளிப்போகும். அண்ணன் தம்பி பிறந்த வரிசையைத் தீர்மானிக்கும்போது அந்த ஒரு வருஷம் பெரிய தொல்லை கொடுக்கும். பணத்தை ரூபாய், சக்கரம், காசு என்று எழுதியிருப்பார்கள், ஒரு சக்கரத்துக்கு 16 காசு, ஒரு சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம். வயலை ஏக்கரில் சொல்லாமல் இத்தனை கோட்டை விதைப்பாடு, இத்தனை மரக்கால் விதைப்பாடு என்றுதான், அதாவது அவ்வளவு விதை விதைக்கும் பரப்பு என்றுதான் சொல்வார்கள்.

பத்திரத் தொடர் நின்றுபோகும் இடத்தில் செட்டில்மென்ட் பதிவேடு கைகொடுக்கும். திருவிதாங்கூர் முழுவதும் நிலத்தை அளந்து, தரம் பிரித்து, யார் பேரில் எவ்வளவு வரி என்று 1883-ல் தொடங்கி 1911 வரை எழுதினார்கள். இன்றைக்கும் உங்கள் பத்திரத்தில் 'பழைய சர்வே எண்' என்று வருவது அந்தக் காலத்து எண், ரீசர்வே எண் அதற்குப் பிந்தையது. இரண்டையும் பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் தாலுகா அலுவலகத்துக்கோ கேரளத்துக்கோ போகவேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவன் விளையின் வரலாற்றை எழுதிக்கொண்டிருப்பீர்கள். அந்தப் பதிவேட்டில் பெயரை விட முக்கியமான ஒரு பகுதி, நிலம் எந்த வகை என்று எழுதியிருப்பது. பண்டாரவகையா (அரசு நிலம்), ஜென்மமா (தனியாரின் பூர்வீக உரிமை), தேவஸ்வமா (கோவில் நிலம்), பிரம்மஸ்வமா (பிராமணர் நிலம்), ஸ்ரீபண்டாரவகையா (பத்மநாப சுவாமி கோவில் நிலம்), விருத்தியா என்று இருக்கும். பண்டாரவகைப் பாட்ட (குத்தகை) நிலத்தில் குடியிருந்தவருக்கு விற்கவும் வாங்கவும் முழு உரிமை கொடுத்தது 1865-ல் வந்த விளம்பரம். அதற்குப் பிறகு உங்கள் வீட்டில் திடீரென்று பத்திரங்கள் பெருகியிருந்தால், குடும்பம் அப்போதுதான் வந்தது என்று அர்த்தமில்லை, அதுவரை வைத்திருந்ததை விற்கவும் வாங்கவும் அப்போதுதான் வழி பிறந்தது என்றுதான் எடுத்துக்கொள்ளவேண்டும். விருத்தி என்றால் அரண்மனைக்கோ கோவிலுக்கோ ஒரு வேலை செய்வதற்காக விட்ட நிலம். 'மகாராஜா எங்களுக்குக் கொடுத்த நிலம்' என்று குடும்பத்தில் ஒரு பேச்சு இருந்தால், முதலில் இந்த வகையைப் பாருங்கள். கதையில் வெகுமதி என்று வருவது, தாளில் ஊழியத்துக்கான நிலமாக இருக்கலாம். அதில் எந்தக் குறைவும் இல்லை, ஊழியம் என்ன என்று தெரிந்தால் முன்னோரின் அன்றாடம் தெரிந்துவிடும்.

அலுவலக வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வில்லங்கச் சான்று இணையத்தில் பெரும்பாலும் 1975 முதல்தான் கிடைக்கும். அதற்கு முன்னால் வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்து, பெயர்வாரி அட்டவணையிலும் சொத்துவாரி அட்டவணையிலும் கைத்தேடல் போடவேண்டும். எந்தச் சார்பதிவகத்தின் எல்லைக்குள் உங்கள் கிராமம் அன்றைக்கு இருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள், எல்லைகள் மாறியிருக்கும். திருவிதாங்கூர் அரசின் பழைய வருவாய்க் கோப்புகளுக்கும் ஓலைகளுக்கும் திருவனந்தபுரத்தில் கேரள ஆவணக் காப்பகம். பத்மநாப சுவாமி கோவிலின் மதிலகம் ஓலைகள் என்ற பெருந்தொகுதி அங்கேதான் இருக்கிறது, ஆனால் சாதாரணக் குடும்பத்தின் பெயரைத் தேடி முதல் நாளே அதில் இறங்காதீர்கள்.

அடுத்து ஒன்றைக் கேட்டே ஆகவேண்டும். உங்கள் குடும்பம் எந்த வழி, மக்கள் வழியா, மருமக்கள் வழியா? நீங்கள் எழுதவில்லை. நாஞ்சில் நாட்டு வெள்ளாளர்களிடம் மருமக்கள் வழி இருந்தது, மாமனின் சொத்து சகோதரி மகனுக்குப் போனது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அதைப் பாட்டிலேயே சாடியிருக்கிறார். 1926-ல் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்தபிறகுதான் அது மாறியது. ஆகவே அந்தச் சமூகத்தில் 1926-க்கு முந்தைய பத்திரத்தில் அப்பா பெயரைத் தேடினால் கிடைக்காது, காரணவர் (குடும்பத் தலைவரான மாமன்) பெயரும் அனந்தரவர் பெயரும்தான் கிடைக்கும். அங்கே வம்சாவளியைப் பெண் வழியாக, பாட்டி, அவளுடைய அம்மா, அவளுடைய அம்மா என்றுதான் ஏறவேண்டும். அப்பாவின் சொத்திலிருந்து பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று ஒரு பங்கு போகும், அந்தப் பத்திரம் இருந்தால் அப்பாவின் பெயர் அதில் தெரியும். சட்டம் வந்தபிறகு குடும்பங்கள் வரிசையாகப் பாகம் பிரித்தன. அந்தப் பாகப்பத்திரத்தில் குடும்பத்தின் ஆண், பெண், கைக்குழந்தை எல்லோரும் பெயரோடும் வயதோடும் இருப்பார்கள். அப்படி ஒன்று உங்களுக்குக் கிடைத்தால் மற்ற எல்லாவற்றையும் வைத்துவிட்டு அதை முதலில் நகலெடுங்கள். மக்கள் வழிக் குடும்பம் என்றால் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் கட்டிக்கொடுத்த பெண்கள் தாளிலிருந்து மறைந்துவிடுவார்கள். அவர்களை வீட்டுப் பெரிய பெண்களிடம் கேட்டுத்தான் எழுதவேண்டும். எந்த அத்தையை எந்த வீட்டுக்குக் கொடுத்தார்கள், எந்த வீட்டில் எடுத்தார்கள் என்பது ஆண்களை விட அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும்.

சபைப் பக்கம் வருவோம். லண்டன் மிஷனின் மிஷனரி ரிங்கல்தௌபே 1806-ல் மயிலாடிக்கு வந்தார், 1809-ல் அங்கே ஆலயம் எழுந்தது. 1818-ல் மீட் ஐயர் வந்தபிறகு லண்டன் மிஷனின் வேலை நாகர்கோவிலை மையமாக வைத்துப் பெருகியது. உங்கள் குடும்பத்தில் சபைக்குப் போன கிளை எந்தத் தலைமுறையில் போனது என்று தெரிந்தால், அந்தச் சபையின் ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு மூன்றையும் பார்க்க அனுமதி கேளுங்கள். எல்லாச் சபையிலும் தொடக்கத்திலிருந்து இருக்காது. மிஷனரிமார் எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் நூலகத்தில் இருக்கின்றன, அதில் ஊர்ப்பெயர் நிறைய வரும், சாதாரண விசுவாசியின் பெயர் எப்போதாவது வரும். இங்கே ஒரு பொறி உண்டு. ஞானஸ்நானத்தில் பெயர் மாறும், அதனால் பத்திரத்தில் ஒரு பெயரும் சபையில் ஒரு பெயருமாக ஒரே ஆள் இரண்டு பேராகத் தெரிவார். வயல் எண்ணும் மனைவி பெயரும் ஒத்துப்போனால்தான் ஒரே ஆள் என்று எழுதுங்கள். அப்புறம், இங்கிலாந்தில் ஒரு குடும்பமோ சபையோ போர்டிங் பள்ளிப் பிள்ளை ஒன்றின் செலவை ஏற்றுக்கொண்டால், அவர்கள் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் மிஷனில் இருந்தது. முன்னோர் பட்டியலில் ஒரு வெள்ளைக்காரப் பெயர் வந்தால் உடனே வெள்ளைக்கார ரத்தம் என்று நினைக்கவேண்டாம், பெரும்பாலும் அது செலவை ஏற்றுக்கொண்ட உபகாரி சொன்ன பெயர்.

கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்தவர் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1544-ல் சவேரியார் இந்தக் கரையோரத்தில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகத் தன் கடிதத்தில் எழுதியிருக்கிறார், ஆனால் பங்குக் கோவில்களில் நம் கைக்குக் கிடைக்கும் பதிவேடுகள் அதற்கு வெகுகாலம் பிந்தியவை. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு இதே மாதிரி உதவும்.

குலதெய்வக் கோவிலுக்குப் போகும் கிளைதான் 'எங்கிருந்து வந்தோம்' என்ற கேள்விக்குப் பக்கத்தில் நிற்கிறது. பங்குனி உத்திரத்துக்கு உங்கள் ஆட்கள் எந்தச் சாஸ்தா கோவிலுக்குப் போகிறார்கள்? குமரியிலிருந்து மலை தாண்டித் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் போகும் குடும்பங்கள் ஏராளம். குடி பெயர்ந்தாலும் சாஸ்தாவை லேசில் மாற்றமாட்டார்கள். எனவே அந்தச் சாஸ்தா இருக்கும் ஊர், குடும்பம் ஒருகாலத்தில் இருந்த இடமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. உங்கள் பாட்டா சொன்ன பாண்டி நாட்டுப் பூர்வீகத்துக்கு இது வலுவான துணை. ஆனால் எப்போது பெயர்ந்தார்கள் என்று சாஸ்தா சொல்லாது. ஒரு பங்குனி உத்திரத்துக்கு நோட்டுப் புத்தகத்தோடு அங்கே போய், வேறு எந்தெந்த ஊரிலிருந்து பங்காளிகள் வருகிறார்கள், யார் வீட்டுக்கு முதல் பொங்கல், வரிப்பணம் எந்தத் தலைக்கட்டுகளிடம் வாங்குகிறார்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். தலைக்கட்டு வரி நோட்டு இருந்தால் பூசாரியிடம் கேட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஏழு குடும்பம். நம் பக்கத்தில் ஊர் உண்டான கதைகளில் ஏழு அண்ணன் தம்பி, ஏழு குடும்பம், ஏழு வீடு என்று ஏழாகவே வரும். அதனால் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் கதையைப் பொய் என்று தள்ளவும் கூடாது. இப்படிப்பட்ட கதை வெறும் பொழுதுபோக்குக்காகச் சொன்னது இல்லை, கோவிலில் முதல் மரியாதை யாருக்கு, குளத்து மீனில் பங்கு யாருக்கு, மடையை யார் திறப்பது என்ற உரிமைகளைத் தாங்கி நிற்பது. ஆகவே அது எப்போது வந்தார்கள் என்பதை விட, ஒரு காலத்தில் யார் யார் பங்காக உரிமை வைத்திருந்தார்கள் என்பதை உண்மையாகச் சொல்லும். சோதிக்க மூன்று வழி. முதலாவது, அந்த ஏழு குடும்பத்துக்குள் யார் யாரோடு பெண் கொடுத்து எடுக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டு குடும்பங்கள் 'நாங்கள் பங்காளி, கட்டமாட்டோம்' என்றால் அவை ஒரே வேரிலிருந்து பிரிந்தவை, அப்போது ஏழு ஐந்தாகவோ நாலாகவோ சுருங்கும். இரண்டாவது, வீட்டுப்பெயர். உங்கள் வீட்டுக்கு 'புத்தன்வீடு' என்று பெயரிருந்தால் பழைய வீடு எது என்று கேளுங்கள், 'கீழவீடு' என்றால் மேலவீட்டைத் தேடுங்கள், கிளை பிரிந்தது அதில் தெரியும். மூன்றாவது, நான் மேலே சொன்ன நான்கெல்லைப் படம். மிகப் பழைய பத்திரங்களில் இந்த ஏழு பேரின் நிலங்களும் குளத்துப் பாய்ச்சலின் தலைப்பக்கத்தில் ஒன்றையொன்று ஒட்டி இருந்தால், முதலில் நிலம் பிடித்தவர்கள் என்ற பேச்சுக்கு நல்ல பலம். நாலு பேர் தலைப்பக்கத்திலும் மூன்று பேர் கடைமடையிலும் இருந்தால், அந்த மூன்று பேர் பிந்தி வந்து சேர்ந்தவர்களாக இருக்கலாம். இருக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நிலம் கைமாறிக்கொண்டே இருப்பது.

'முதலில் வந்தவர்கள்' என்ற சொல்லைப் பற்றி எனக்கு ஒரு அழுத்தமான கருத்து உண்டு. உங்கள் சுற்றுவட்டாரம் 400 வருஷத்துக்கு முன் ஆளில்லாக் காடாகக் கிடக்கவில்லை. சுசீந்திரம் கோவிலிலேயே அதற்குப் பல நூற்றாண்டு முந்திய கல்வெட்டுகள் இருக்கின்றன. கோட்டாறு சோழர் காலத்தில் மும்முடிச் சோழநல்லூர் என்று பெயர் பெற்ற பெரிய ஊர். மேற்கே முஞ்சிறைப் பக்கம் பார்த்திவசேகரபுரத்துச் செப்பேடு ஆய் மன்னன் கருநந்தடக்கன் காலத்தது, 9-ஆம் நூற்றாண்டு, அதில் நிலத்துக்கு எல்லையும் கோவிலுக்கு ஒழுங்கும் விரிவாக எழுதியிருக்கிறது. ஆகவே உங்கள் முன்னோர்கள் வந்தபோது நிலத்தில் ஏற்கெனவே ஆள் இருந்தார்கள், வரப்பு இருந்தது, வேலை செய்யும் கைகள் இருந்தன. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகள் என்ற தொகுதியை ஆராய்ச்சிக்குக் கொண்டுவந்தவர்களில் கவிமணி முக்கியமானவர். அந்த ஓலைகளில் நிலம் விற்றது, ஒற்றி வைத்தது, வரி கட்டியது எல்லாம் இருக்கிறது, மனிதரை அடிமையாக விற்று வாங்கியதும் இருக்கிறது. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி முடிந்தது 1855-ல்தான். அதுவரை அந்த வயல்களைத் திருத்தி நட்டு அறுத்த பலரின் பெயர், வாங்கியவன், விற்றவன் பெயர்களுக்கு நடுவில் ஒரு சரக்காகத்தான் வருகிறது, அப்பா பெயரோ வீட்டுப்பெயரோ இல்லாமல். உங்கள் பெட்டியில் உள்ள ஓலையில் அப்படி ஒரு வரி வந்தால் தயவுசெய்து அதை விட்டுவிட்டு எழுதாதீர்கள், அந்தப் பெயரை அப்படியே எடுத்து எழுதுங்கள். அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வரும்போது, அவர்களுக்கு இருக்கும் ஒரே தாள் உங்கள் வீட்டு ஓலையாக இருக்கக்கூடும்.

400 வருஷம் என்ற கணக்குக்கு வருகிறேன். தலைமுறைக்கு 25 முதல் 30 வருஷம் என்று வைத்தால் அது 13 முதல் 16 தலைமுறை. பாட்டாமார் வாயால் சொல்லும் பெயர்கள் பெரும்பாலும் நாலு, ஐந்து தலைமுறையில் நின்றுவிடும், அதற்கு மேலே நேராக 'முதலில் வந்தவர்' என்று தாவிவிடுவார்கள். நடுவில் உள்ளவர்கள் நழுவுவதற்கு இன்னொரு காரணம், பாட்டா பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம். ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வரும்போது மூன்று பேர் ஒருவராகச் சுருங்கிவிடுவார்கள். ஒரே பெயர் பத்திரத்தில் 70, 80 வருஷம் தொடர்ந்து வந்தால் அது ஒரு ஆள் இல்லை என்று உடனே சந்தேகப்படுங்கள். இதேபோல மார்த்தாண்ட வர்மா ஒளிந்திருந்த வீடு, குளச்சல் போரில் நின்றவர் என்று பல குடும்பங்களில் கதை உண்டு. 1741 குளச்சல் போர் எல்லோருக்கும் தெரிந்த நிகழ்ச்சி என்பதால் காலம் தெரியாத முன்னோரைக் கொண்டுபோய் அதில் நிறுத்திவிடுவது சகஜம். அரசர் நிலம் கொடுத்தார் என்றால் நீட்டு (அரசரின் எழுத்தாணை) இருக்கவேண்டும், இல்லாவிட்டால் செட்டில்மென்ட் பதிவேட்டில் நிலத்தின் வகையிலாவது அதன் அடையாளம் இருக்கவேண்டும். இரண்டும் இல்லையென்றால் 'குடும்பத்தில் சொல்லிவருவது' என்ற தலைப்பில் தனியாக எழுதிவையுங்கள், வம்சாவளிப் படத்துக்குள் கொண்டுவராதீர்கள். மரபணுச் சோதனை செய்யலாமா என்று ஒருவர் உங்கள் கேள்விக்குக் கீழே கேட்டிருக்கிறார். நெருங்கிய சொந்தத்தை உறுதி செய்ய அது உதவும், 400 வருஷத்துக்கு முன் வந்தவர் எந்த ஊர், என்ன பெயர் என்று அது சொல்லாது.

ஓலைக்கட்டைப் பற்றி அவசரமாக ஒன்று. ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம், குங்குமம் வைப்பதை இந்த வருஷத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். ஒட்டிக்கொண்ட ஏடுகளைப் பிய்க்காதீர்கள், கையில் கிடைத்த எண்ணெயைத் தடவாதீர்கள். கட்டில் இருக்கும் வரிசை கலையாமல், ஒவ்வொரு ஏட்டையும் இரண்டு பக்கமும், வெளிச்சம் ஒரு ஓரத்திலிருந்து சாய்வாக விழும்படி வைத்துப் படமெடுங்கள். அப்போதுதான் மை தேய்ந்துபோன கீறல்களும் தெரியும். பழைய ஓலையில் புள்ளி வைக்கமாட்டார்கள், குறில் நெடில் வித்தியாசமும் சரியாகக் காட்டமாட்டார்கள், அதனால் ஒரு பெயரை இரண்டு மூன்று விதமாகப் படிக்க முடியும். படித்துத் தருபவரிடம், அவர் ஊகித்த எழுத்து எது, தெளிவாகத் தெரிந்த எழுத்து எது என்று தனித்தனியாகக் குறித்து வாங்குங்கள்.

வேலையை எங்கே தொடங்குவது என்றால், வீட்டில் இருக்கும் மூத்தவர்களிடம். தாள் இன்னும் பத்து வருஷம் காத்திருக்கும். முதலில் பெண்கள், பிறகு ஆண்கள், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசிப் பதிவு செய்யுங்கள், எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டால் சத்தமாகப் பேசுபவர் சொல்வதுதான் வரலாறாகிவிடும். அதோடு சேர்த்து பெட்டியில் இருப்பதில் மிகப் பழைய பத்திரத்தின் முதல் பக்கத்தையும் நான்கெல்லை வரும் பக்கத்தையும் தெளிவாகப் படமெடுத்து, இப்போது உயிரோடு இருப்பவர்களின் பெயர் எங்காவது இருந்தால் மட்டும் அதை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள். மலையாள லிபியில் இருந்தால் நான் வரிக்கு வரி தமிழில் எழுதித் தருகிறேன். குடும்பம் மக்கள் வழியா மருமக்கள் வழியா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், அது தெரியாமல் அந்தப் பத்திரத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்று நான் சொல்வது சரியாக இருக்காது.